ஒரு கிலோ டிரைபாடும் கொக்கியில் தொங்கும் பையும்

தொப்பூரான்:
‘பயணத்துக்கு ஒரு கிலோ டிரைபாட் (கேமராவை நிறுத்தும் முக்காலி) போதும். நடுத்தண்டின் கொக்கியில் கேமரா பையை மாட்டிவிட்டால் மூன்று கிலோ டிரைபாடைப் போல அசையாமல் நிற்கும்’ என்று நண்பர் காவிரிக்கரை நேற்று இங்கே ஒரு புதியவருக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கல்யாண வேலையில் இருபது வருடம் டிரைபாட் தூக்கியவன் நான். காற்றில் ஆடும் பை டிரைபாடை நிறுத்தாது, ஆட்டும். ஒரு புதியவர் இதை நம்பிக் காசைக் கொட்டிவிட்டு, ஒகேனக்கலில் நாள் முழுக்க எடுத்த படங்களை வீட்டில் திறந்து பார்த்து நொந்துபோவார். யார் பொறுப்பு?

காவிரிக்கரை:
பொறுப்பை நானே ஏற்கிறேன். என்னுடையது கார்பன் ஃபைபர், கேமராவைப் பிடிக்கும் தலையோடு சேர்த்து 1.2 கிலோ, மடித்தால் 41 சென்டிமீட்டர். தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பஸ்ஸில் பாதி நேரம் நின்றுகொண்டுதான் போகிறேன். அதே பையோடு தீர்த்தமலைப் படிகளும் ஏறியிருக்கிறேன். மூன்று கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு தொப்பூரான் அந்தப் படிகளை ஏறட்டும், பிறகு பேசுவோம். கனமான டிரைபாட் வீட்டு மூலையில்தான் நிற்கும். வீட்டு மூலையில் அருவி இல்லை. போன மாதம் அரை வினாடி எக்ஸ்போஷரில், அதாவது ஷட்டரை அரை வினாடி திறந்துவைத்து, எடுத்த படங்களில் பாறை விளிம்பு கத்தி போல இருக்கிறது. கொக்கியில் பை மாட்டித்தான் எடுத்தேன்.

தொப்பூரான்:
பை தரையைத் தொட்டதா, அந்தரத்தில் தொங்கியதா? என் கேள்வி அது ஒன்றுதான்.

ஏன் கேட்கிறேன் என்று மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எடை மாட்டினால் மூன்று கால்களும் தரையை அழுத்திப் பிடிக்கும், டிரைபாட் கவிழாது. அதுவரை சரி. ஆனால் ஐந்து கிலோ பை அந்தரத்தில் தொங்கினால் அது ஊஞ்சல். காற்று ஒரு தள்ளு தள்ளினால் போதும், அது போய்வரும் ஒவ்வொரு முறையும் நடுத்தண்டை இழுக்கும். லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். பாறையில் ஒட்டியிருக்கும் பாசியின் ஓரம் வலது பக்கம் ஒரு நூல் நகரும், நிற்கும், இடது பக்கம் ஒரு நூல் நகரும். அரை வினாடிப் படத்தில் அந்த ஓரம் இரட்டைக் கோடாக விழும். பையின் அடி தரையில் லேசாக உட்கார்ந்திருந்தால் இந்த ஊஞ்சல் இல்லை. தரையைத் தொட்டதா?

மாங்காய்த்தோப்பு:
நான் கிருஷ்ணகிரி. நீங்கள் இருவரும் பையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், டிரைபாடின் கால்களை யாருமே பார்க்கவில்லை. சிறிதாக மடிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு காலையும் ஐந்து துண்டாகச் செய்கிறார்கள். கடைசித் துண்டு சுண்டுவிரல் பருமன்தான். எங்கள் பக்கம் மல்லச்சந்திரம் குன்றின் மேல் கல்திட்டைகளுக்கு (பழங்காலக் கல்லறைகள்) பின்னால் நட்சத்திரங்களை எடுக்கப் போனேன். 24 எம்எம் லென்ஸ், இருபது வினாடி. ஐந்து துண்டுகளையும் இழுத்து, நடுத்தண்டையும் ஏற்றி வைத்த நண்பருடைய படத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் புழுவாக நெளிந்திருந்தது. நான் கடைசித் துண்டை இழுக்கவே இல்லை, நடுத்தண்டை ஏற்றவில்லை, உட்கார்ந்தபடி எடுத்தேன். புள்ளி புள்ளியாக வந்தது. நான்கு துண்டுக் கால் வாங்குங்கள். வேலை முடிந்தது.

தொப்பூரான்:
கால்களைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவே இல்லை. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்லாதீர்கள். கேள்வி காவிரிக்கரைக்கு. பை தரையைத் தொட்டதா?

காவிரிக்கரை:
எட்டு கிலோ தாங்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. என் பை ஐந்து கிலோ. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

தொப்பூரான்:
அந்த எட்டு கிலோவை எப்படி அளந்தார்கள்? எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுமுறை என்று ஒன்று இல்லை. ஒரு நிறுவனம் ஒடியாமல் தாங்கும் எடையைச் சொல்லும், இன்னொன்று தலை சரியாமல் பிடிக்கும் எடையைச் சொல்லும். ஒடியாமல் நிற்பது வேறு, அசையாமல் நிற்பது வேறு. மெல்லிய கால்களில் அதிக எடை ஏற்றினால் வில்லாக வளையும். மூங்கில் கூடத்தான் ஒடிவதில்லை, அதன் மேல் கேமராவை வைப்பீர்களா? கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பென்னாகரத்தான்:
அண்ணா, நீங்கள் எல்லோரும் எட்ட நின்று பேசுகிறீர்கள், நான் வாரம் தவறாமல் ஆற்றங்கரையில் நிற்கிறவன். கார்பனா அலுமினியமா என்பதை விடுங்கள், காலை நீட்டி இறுக்கும் பூட்டைப் பாருங்கள். திருகும் பூட்டுக்குள் காவிரி மணல் போய்விட்டால் திருகும்போது நறநறவென்று பல்லைக் கூசவைக்கும். நான் வீட்டுக்கு வந்ததும் கால்களைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் மரைகளைத் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவைத்த பிறகுதான் சாப்பிட உட்காருவேன். மடக்குப் பூட்டில் இந்தத் தொல்லை குறைவு.

இன்னொன்று. காவிரிக்கரை இங்கே இருப்பதால் கேட்கிறேன். தீர்த்தமலையில் என் ஆர்கா பிளேட்டை, கேமராவை டிரைபாட் தலையில் மாட்டும் தகட்டை, வாங்கிக்கொண்டு போனீர்கள். எட்டு மாதம் ஆகிறது.

காவிரிக்கரை:
அந்தப் பிளேட் என் தலையில் சரியாகப் பிடிக்கவே இல்லை. அன்று மாலையே உங்கள் வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டேன். பொது இடத்தில் இப்படிக் கேட்பது முறையா?

பென்னாகரத்தான்:
வண்டிப் பெட்டியில் இல்லை. வீட்டில் கேட்டேன், தம்பியிடமும் கேட்டேன். பிடிக்காத பிளேட்டை எதற்காக மலையடிவாரம் வரை கொண்டுவந்தீர்கள்?

தொப்பூரான்:
பிளேட் கணக்கை நீங்கள் இருவரும் தனியாகத் தீர்த்துக்கொள்ளுங்கள். பை தரையைத் தொட்டதா?

காவிரிக்கரை:
தொப்பூரான் ஐயாவுக்கு நான் ஒரு கேள்வி வைக்கிறேன். ஒகேனக்கல் தொங்கு பாலத்தின் மேல் உங்கள் மூன்று கிலோ டிரைபாடை வையுங்கள். பின்னால் ஒரு குடும்பம் நடந்து வந்தால் பாலமே அதிர்கிறது. அப்போது உங்கள் கனம் எதைக் காப்பாற்றும்?

தொப்பூரான்:
எதையும் காப்பாற்றாது. அதனால்தான் பாலத்தில் நான் டிரைபாட் வைப்பதில்லை. ஆட்கள் நகரும் வரை காத்திருந்து, கையில் பிடித்து எடுக்கிறேன். நான் நேராகப் பதில் சொல்லிவிட்டேன். நீங்களும் ஒரு முறை அப்படிச் சொல்லுங்கள்.

மாங்காய்த்தோப்பு:
ஒகேனக்கல் ஒகேனக்கல் என்று ஒரே இடத்தைச் சுற்றுகிறீர்கள். ராயக்கோட்டை மலை இருக்கிறது, தளி இருக்கிறது, அங்கெல்லாம் காற்று எப்படி வீசும் என்று உங்களுக்குத் தெரியாது. தர்மபுரிக்காரர்களுக்கு அருவியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

பென்னாகரத்தான்:
2004-க்கு முன்னால் நீங்களும் தர்மபுரி மாவட்டம்தான். மாவட்டம் பிரிந்ததும் காற்றையும் பிரித்துக்கொண்டு போய்விட்டீர்களா? வத்தல்மலை மேல் வந்து நின்று பாருங்கள்.

மாங்காய்த்தோப்பு:
வத்தல்மலைக்கு நான் மூன்று முறை வந்திருக்கிறேன். நீங்கள் மல்லச்சந்திரத்துக்கு ஒரு முறையாவது வந்ததுண்டா? நான்கு துண்டுக் கால், மீண்டும் சொல்கிறேன்.

புதுலென்ஸ்:
வணக்கம். நேற்று கேட்டவன் நான்தான். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. விமானத்தில் கைப்பையோடு கொண்டுபோக முடியுமா? கார்பன் வாங்கும் அளவுக்குப் பணம் இல்லை, அலுமினியம் வாங்கினால் தவறா?

தொப்பூரான்:
தம்பி, தவறே இல்லை. அலுமினியம் முன்னூறு கிராம் கூடும், அதிர்வு அடங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், காலையில் குளிர்ந்து கையைக் கடிக்கும். அவ்வளவுதான் வேறுபாடு. ஷட்டரைக் கையால் அழுத்தாமல் இரண்டு வினாடி டைமர் வையுங்கள். பழைய லென்ஸாக இருந்தால் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். கைப்பைக்கு உள்நாட்டு விமானங்களில் பொதுவாக 7 கிலோதான், அதற்குள் கேமராவும் அடங்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் இருப்பவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதனால் பெரிய பெட்டியில் போட்டுவிடுவது நல்லது. பையைக் கொக்கியில் மாட்டினால் அதன் அடி தரையில் படட்டும். அல்லது ஒரு கயிற்றைக் கொக்கியிலிருந்து இறக்கி, கீழே ஒரு கல்லில் இறுக்கிக் கட்டுங்கள். காவிரிக்கரை சொன்னபடி அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள்.

காவிரிக்கரை:
‘அந்தரத்தில் தொங்கவிடு’ என்று நான் எங்கே எழுதினேன்? மாட்டச் சொன்னேன். வார்த்தையைத் திரிக்காதீர்கள்.

தொப்பூரான்:
அப்படியானால் தொட்டது என்று ஒரு வரி எழுத ஏன் இத்தனை தயக்கம்?

காவிரிக்கரை:
படம் கூர்மையாக இருக்கிறது. அதுவே என் பதில். இருபது வருடம் மண்டபத்துக்குள் காற்றே இல்லாமல் எடுத்தவருக்கு ஆற்றங்கரைக் கணக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொப்பூரான்:
மண்டபத்தைப் பற்றிப் பேசாதீர்கள். முகூர்த்த நேரத்தில் நூறு பேர் இடித்துக்கொண்டு போகும்போது ஒரு படமும் அசையாமல் கொடுத்த கை இது. காற்றாவது சொல்லிவிட்டு வரும்.

பென்னாகரத்தான்:
ஞாயிறு காலை நான் ஆற்றங்கரையில்தான் இருப்பேன், வருகிறவர்கள் வாருங்கள். தண்ணீர் கூடினால் பரிசலையும் நிறுத்திவிடுவார்கள், அதனால் புறப்படும் முன் கேட்டுவிட்டு வாருங்கள். காவிரிக்கரை வருவதானால் பிளேட்டோடு வரவும்.

காவிரிக்கரை:
வருகிறேன். அதே டிரைபாட், அதே பை. மாட்டித்தான் எடுப்பேன்.

மாங்காய்த்தோப்பு:
ஐந்து துண்டுகளையும் இழுத்துத்தானே?

தொப்பூரான்:
தரையைத் தொடும்படியா, தொங்கும்படியா?