மன்னிப்புப் பெற்ற தாவீது சந்தோஷத்தைத் திரும்பக் கேட்டது ஏன்?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் 51ஆம் சங்கீதத்தைத் தியானித்து வருகிறோம். உரியாவின் மனைவியைச் சேர்த்துக்கொண்டு அவனைக் கொல்லச்செய்த தாவீது ராஜா அந்தப் பாவத்தை ஒப்புக்கொண்டவுடனேயே, "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று நாத்தான் தீர்க்கதரிசி அறிவித்ததாக 2 சாமுவேல் 12:13 கூறுகிறது. அப்படியிருக்க, இரட்சணியத்தின் சந்தோஷத்தைத் திரும்பவும் தரும்படி சங்கீதம் 51:12இல் அவர் மன்றாடுவது ஏன்? பாவத்தை அறிக்கையிட்ட பின்பும் ஜெபிக்க மனம் கூசுகிறது என்று சொல்லும் ஒரு தம்பிக்கு இதை எப்படி விளக்குவது?

மறுமொழி 1:
சகோதரரே, மன்னிப்பு தேவன் அளித்த தீர்ப்பு. அது ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது. ஆனால் உரியா இறந்து, பிள்ளையும் பிறக்கும்வரை மாதக்கணக்கில் பாவத்தை மூடிவைத்திருந்த உள்ளம், தேவனுடைய முகத்தை மறுபடியும் தயக்கமின்றி நோக்கப் பழக வேண்டியிருந்தது. அடக்கிவைத்தமட்டும் எலும்புகள் உலர்ந்துபோயின என்று 32ஆம் சங்கீதத்தில் அவரே பாடுகிறார். 51:11ஐயும் கவனியுங்கள். பரிசுத்த ஆவியை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளாதேயும் என்று கெஞ்சுகிறவர், கர்த்தருடைய ஆவி நீங்கிப்போன, தமக்கு முந்தின ராஜாவான சவுலுக்கு முன்பாகச் சுரமண்டலம் வாசித்தவர். அந்த நிலை ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அரண்மனையிலேயே கண்ணாரக் கண்டிருந்தார். தன் சிங்காசனத்தைக் காத்துத் தரும்படி இந்தச் சங்கீதத்தில் அவர் கேட்கவே இல்லை. தேவ சமுகத்தை இழந்துவிடக்கூடாது என்பதே அவருடைய பயம்.

மறுமொழி 2:
நான் கத்தோலிக்கன். வெள்ளிக்கிழமைதோறும் காலைச் செபத்தில் இத்திருப்பாடலைச் சொல்கிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவங்களை அறிக்கையிடும் சடங்கில், குருவானவர் பாவமன்னிப்பு வழங்குவதோடு பரிகாரமும் கொடுப்பது, பாவம் விட்டுச்சென்ற காயங்கள் ஆற வேண்டியிருப்பதால்தான். பிறருக்கு இழைத்த தீங்கைச் சரிசெய்யாமல் இருப்பதும் மனத்தின் பாரத்திற்குக் காரணமாகலாம். வரி வசூலிப்பவரான சக்கேயு, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்ததை அந்தத் தம்பியுடன் சேர்ந்து வாசித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவரிடம் அப்படித் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன் ஏதுமில்லை. கூச்சம் மட்டுமே தடையாக இருக்கிறது.

மறுமொழி 3:
அப்படியானால், கூச்சம் நீங்கிய பிறகு ஜெபிக்கலாம் என்று அவர் காத்திருக்க வேண்டாம். 1 யோவான் 1:9 மன்னிப்பின் நிச்சயத்தை நம் உணர்வின்மேல் வைக்காமல், தேவன் உண்மையும் நீதியும் உள்ளவர் என்பதன்மேல் வைக்கிறது. சொந்த வார்த்தைகள் வராத நாளில் 51ஆம் சங்கீதத்தையே வாய்விட்டு ஜெபிக்கட்டும். யாக்கோபு 5:16இன்படி, முதிர்ந்த விசுவாசி ஒருவர் அவரோடு சேர்ந்து ஜெபிப்பதும் நல்லது. ஆனால் அவர் அறிக்கையிட்டது எதுவும் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பாகக்கூட வெளிவராதபடி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.