ஒஸ்லோ, பியோர்விகா: நகரைக் கடலோடு சேர்த்தது ஓப்பராவின் கூரையா, நிலத்தடிச் சாலையா?

வரைபலகை, திருச்சி:
வணக்கம். கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். ஒஸ்லோவின் பியோர்விகா துறைமுகக் கரை நகர மையத்தோடு மறுபடி இணைந்தது பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். படித்த எல்லாவற்றிலும் ஸ்னோஹெட்டா நிறுவனம் வடிவமைத்த ஓப்பரா மாளிகையின் சாய்ந்த வெள்ளைக் கூரைதான் முன்னால் நிற்கிறது. என் பேராசிரியரோ, "கரையைத் திறந்தது கட்டடம் அல்ல, நெடுஞ்சாலையைக் கடலுக்கு அடியில் இறக்கியதுதான்" என்கிறார். அங்கே வசிப்பவர்கள் முன்பு எப்படி இருந்தது என்று சொல்வீர்களா? படங்களில் அது பிடிபடவில்லை.

பருத்தித்துறையான், ஒஸ்லோ:
தங்கச்சி, நான் 1989இல் இங்கே வந்தேன். முதல் சில ஆண்டுகள் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அலுவலகங்களில் துப்புரவு வேலை. விடியுமுன் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடற்பறவைகளின் கத்தல் கேட்கும். கடல் கூப்பிடு தூரம்தான். கண்ணில் மட்டும் படாது. நடுவில் ஈ18 நெடுஞ்சாலை, அதையொட்டி வளைந்து வளைந்து ஏறிய மேம்பாலங்கள், அப்பால் சரக்கு முற்றங்கள். நடந்து போகிறவனுக்கு அங்கே வேலையே இல்லை.

2003இல், சமாதான காலத்தில், அம்மாவை ஊரிலிருந்து அழைத்துக்கொண்டேன். பருத்தித்துறையில் வாசலிலிருந்தே அலையைக் கேட்டு வாழ்ந்தவர். நிலையத்துக்கு வெளியே நின்று, "கடற்கரைப் பட்டினம் என்று எழுதினாயே, கடல் எங்கே தம்பி?" என்று கேட்டார். மேம்பாலத்தைக் காட்டி, அதற்குப் பின்னால் என்றேன். வேறு என்ன சொல்வது?

2008 ஏப்ரலில் ஓப்பரா திறந்தது. அந்தக் கோடையில் அம்மாவைக் கூட்டிப்போனேன். கூரை இத்தாலியின் கராரா பளிங்கு. தரையோடு தரையாகத் தொடங்கி மேலே ஏறுகிறது, மறுபக்கம் அப்படியே நீருக்குள் இறங்குகிறது. டிக்கெட் இல்லை, தடுப்பாரும் இல்லை. அம்மா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி சரிவில் இறங்கிப் போய், குனிந்து நீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டார். அந்தக் கூரையைச் சாலை வேலையின் பின்னிணைப்பாக எழுத உங்கள் பேராசிரியர் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

கல்லணை, ஸ்டவாங்கர்:
நான் சிவில் பொறியாளர். ஐயா சொன்னதில் ஒரு முக்கியமான தடயம் இருக்கிறது. ஓப்பரா திறந்தது 2008. பியோர்விகா சுரங்கம் திறந்தது 2010. ஆக, அவர் அம்மா போன நாளில் நெடுஞ்சாலை மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது! கட்டடம் முதலில் வந்தது, சாலை பிறகுதான் இறங்கியது.

சுரங்கம் தோண்டப்பட்டதும் அல்ல. ஒவ்வொன்றும் 112.5 மீட்டர் நீளமுள்ள 6 கான்கிரீட் பெட்டிகளை நார்வேயின் மேற்குக் கடற்கரையில் வார்த்து, கடல்வழியே மிதக்கவைத்து இழுத்துவந்து, கடற்படுகையில் வரிசையாக இறக்கிப் பொருத்தினார்கள்.

பேராசிரியர் பக்கத்திலும் நியாயம் உண்டு. மேற்கே நகரசபை மண்டபத்தைப் பாருங்கள். 1950இல் திறந்த கட்டடம். பல ஆண்டுகள் அதற்கும் நீருக்கும் நடுவே வாகனங்கள் ஓடின. 1990இல் கோட்டைச் சுரங்கம் திறந்து போக்குவரத்து கீழே போன பிறகே அந்த முற்றம் மக்கள் கைக்கு வந்தது. அங்கே புதிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை.

பருத்தித்துறையான், ஒஸ்லோ:
உண்மை, பொறியாளர் தம்பி. நிலையத்திலிருந்து தற்காலிகமாக ஒரு நடைபாலம் போட்டிருந்தார்கள். கீழே லொறிகள் விரைந்தன, அம்மா என் கையை விடவே இல்லை. சாலை அங்கேயே கிடக்க, அதைத் தாண்டியும் சனம் கூட்டம் கூட்டமாகப் போனது. போவதற்கு ஓர் இடம் இருந்தது, அதனால் போனது.

தங்கச்சி, இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் நிலையத்திலிருந்து ஓப்பரா வரைதான் வரைபடம் போடுகிறார்கள். எங்கள் சனம் மரக்கறி வாங்கும் கிரோன்லாண்ட், தண்டவாளங்களுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து கரைக்கு வர, பார்கோட் என்னும் உயர்ந்த கட்டட வரிசையையும் கடக்க வேண்டும். அது நகருக்கும் கடலுக்கும் நடுவே இன்னொரு சுவர் என்று பலர் எதிர்த்தார்கள், நானும்தான். 2011இல் அக்ரொபாட்டன் நடைபாலம் தண்டவாளங்களுக்கு மேலாகத் திறந்தது. கிரோன்லாண்ட் சனத்துக்குக் கடல் கிடைத்தது அன்றுதான்.

கரையில் எழுந்த வீடுகளின் விலை எங்களுக்கு எட்டாது, அது எனக்கு வருத்தம்தான். ஆனால் 2020இல் திறந்த டைக்மன் நூலகத்தில் என் மகள் நாள் முழுவதும் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தாள், ஒரு குரோனர்கூடக் கொடுக்காமல், கடலைப் பார்த்தபடி.

வரைபலகை, திருச்சி:
அண்ணா, கிரோன்லாண்டைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை. என் வெட்டுமுக வரைபடத்தை ரயில் நிலையத்திலிருந்து தொடங்கியிருந்தேன். அழித்துவிட்டு, தண்டவாளத்துக்கு வடக்கிலிருந்து தொடங்குகிறேன்.

பருத்தித்துறையான், ஒஸ்லோ:
அப்படியே செய்யுங்கள். பாலத்தின் படிகளையும் ஏற்றத்தையும் தவறாமல் வரையுங்கள். கடைசி நாட்களில் அம்மாவின் முழங்காலுக்கு அவைதான் பெரிய தூரமாக இருந்தன.