கலைச்சொல் வேண்டும்: மெலிந்தால் குறையும், கூட்டினால் தடிக்கும்

வணக்கம்.

தமிழ்வழி மாணவர்களுக்காக, லேப்டாப் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று எட்டுப் பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். 'ட்ரேட்-ஆஃப்' என்ற சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். லேப்டாப் மெலிந்தால் வசதி குறைகிறது, வசதியைக் கூட்டினால் தடித்துப்போகிறது. இந்த உறவுக்கு ஒரு சொல் வேண்டும். 'சமரசம்' என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. 'விடுபேறு' என்று ஒன்று தோன்றியது. ஒன்றை விட்டு ஒன்றைப் பெறுதல். சரியா?

– சித்தூர் (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்)

*

டீச்சர்,

விடுபேறு நல்ல சொல்தான். ஆனால் அச்சுக்குப் போகும்போது யாராவது ஒரு புண்ணியவான் எழுத்துப்பிழை என்று நினைத்து 'வீடுபேறு' என்று திருத்திவிடுவார். அப்புறம் லேப்டாப் மெலிந்தால் மோட்சம் என்று பிள்ளைகள் படிப்பார்கள்.

சமரசம் ஏன் ஒட்டவில்லை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அதற்கு இரண்டு மனம் வேண்டும். லேப்டாப்புக்குள் மனம் ஏது, இடம்தான் இருக்கிறது. நெட்வொர்க் கேபிள் செருகும் வாய் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம். உடம்பு அதைவிட மெலிந்தால் அந்த வாய் போக வேண்டியதுதான். சில கம்பெனிகள் கீழ்த்தாடை திறப்பதுபோல மடக்குமூடி வைத்துச் சமாளித்தன. பெரும்பாலும் எடுத்தே விட்டார்கள்.

2008 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் என்ற லேப்டாப்பை உருவிக் காட்டினாரே, அதிலேயே இந்தக் கணக்கு முழுக்க இருந்தது. எடை 1.36 கிலோ. பதிலுக்கு, சிடி டிரைவ் இல்லை, நெட்வொர்க் வாய் இல்லை, யுஎஸ்பி ஒன்றே ஒன்று. பேட்டரியை நாமே கழற்றி மாற்ற முடியாது. ரேம், அதாவது வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம், போர்டோடு பற்றவைத்தது. 2011-இல் பிராசசர் செய்யும் இன்டெல், மெல்லிய லேப்டாப்புக்கு 'அல்ட்ராபுக்' என்று பெயர் வைத்து மற்ற கம்பெனிகளையும் அதே பாதைக்கு இழுத்தது.

சூடும் அப்படித்தான். மெல்லிய உடம்பில் ஃபேன் சிறியது. அதே காற்றைத் தள்ள வேகமாகச் சுற்ற வேண்டும், சத்தம் வரும். அதுவும் போதாவிட்டால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வாட் கூடினால் சூடும் கூடும். அதனால்தான் மெலிந்தவற்றில் 15 வாட் அளவிலான பிராசசரையும், தடித்தவற்றில் 45 வாட் அளவிலானதையும் வைத்து வந்தார்கள். கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயர் சொல்லி விற்பார். வாங்குபவர் வாட்டைக் கேட்பதில்லை.

என் சர்வீஸ் கடைக்கு ஒரு தம்பி வருவார். தினமும் பஸ்ஸில் பாலக்காடு போய்க் கணக்கு எழுதுபவர். எடை குறைந்தது வேண்டும் என்று ஆசையாய் வாங்கினார். இரண்டு வருடத்தில் 8 ஜிபி ரேம் போதவில்லை. திறந்து பார்த்தால் எல்லாம் பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. பையைக் கவிழ்க்கச் சொன்னேன். நெட்வொர்க் கேபிளுக்கு ஒரு டாங்கிள் (இல்லாத வாய்க்குப் பதில் வெளியே செருகும் இணைப்பான்), புரொஜெக்டருக்கு ஒன்று, பென் டிரைவ் செருக ஒரு ஹப், சார்ஜர், பவர் பேங்க். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். லேப்டாப் 1.1 கிலோ, உதிரிகள் முக்கால் கிலோ. லேப்டாப்பில் குறைந்த எடை பைக்குள் குடியேறியிருந்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நம் பக்கம் பொள்ளாச்சிக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் மாநிலம் வேறு, ஆனால் குடும்பங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை உண்டு. இங்கே பெண் எடுத்தால் அங்கே பெண் கொடுத்திருப்பார்கள். கொண்டதும் கொடுத்ததும் கட்டுப்பட்டவை, தனித்தனிக் கணக்கு இல்லை. அதைச் சுருக்கி 'கொள்கொடை' என்று வைத்தால் என்ன? "எடைக்கும் பேட்டரிக்கும் இடையே உள்ள கொள்கொடை." வாய்க்குள் உட்காருகிறது.

– கொழிஞ்சாம்பாறை

*

அண்ணா, எங்கள் செங்கோட்டைப் பக்கம் கொடை என்றால் அம்மன் கோயில் திருவிழாவான கொடைதான். வில்லுப்பாட்டுச் சத்தம் காதில் கேட்கிறது. அது போகட்டும். கொடை என்பது மனமுவந்து தருவது. அந்தத் தம்பி ரேம் ஸ்லாட்டை, ரேமைச் செருகும் இடத்தை, மனமுவந்தா கொடுத்தார்?

இன்னொன்று. மெலிவையும் எடைக்குறைவையும் ஒன்றாக்காதீர்கள். 17 அங்குலத் திரையோடு 1.35 கிலோ அளவில் 'எல்ஜி கிராம்' என்ற லேப்டாப் இருக்கிறது. உடம்பு மக்னீசியக் கலவை. அந்த முதல் மேக்புக் ஏரின் எடைதான், ஆனால் அதன் திரை 13 அங்குலம். மெல்லிய அலுமினியத் துண்டு ஒன்று கையில் கனக்கவும் செய்யலாம். நாமும் மலையாளத்தாரும் தடிமனுக்கும் எடைக்கும் சேர்த்தே 'கனம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். கையேட்டில் 'தடிமன்', 'எடை' என்று பிரித்தே எழுதுங்கள், டீச்சர்.

– செங்கோட்டை

*

தடிமன், எடை பற்றிச் சொன்னது சரி. நானே மேலே இரண்டையும் கலந்துதான் எழுதியிருக்கிறேன்.

கொடையைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுத்தது அந்தத் தம்பி இல்லை, கம்பெனி. அவருடைய ஸ்லாட்டை அவருக்காக அவர்களே கொடுத்துவிட்டார்கள். பெண் கொடுக்கும்போது பெண்ணைக் கேட்காமல் பேசி முடித்த காலமும் இருந்ததுதானே. அந்தக் கசப்பும் சொல்லுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

விடுபேற்றை நான் தள்ளுவதற்கு வேறு காரணமும் உண்டு. அது 'விடு' என்றே தொடங்குகிறது, முதலில் இழப்பு. ஆனால் இந்த உறவு இரண்டு திசையிலும் ஓடும். 2021-இல் ஆப்பிள் தன் மேக்புக் புரோ லேப்டாப்பில், புரொஜெக்டர் செருகும் எச்டிஎம்ஐ வாயையும் மெமரி கார்டுத் துளையையும் திரும்ப வைத்தது. 16 அங்குல மாடல் முந்தையதைவிடச் சற்றுத் தடித்தது, எடையும் கூடியது. அங்கே பெற்றது வாய், கொடுத்தது மெலிவு. 'கொள்கொடை' இதற்கும் பொருந்தும். எது கொண்டது, எது கொடுத்தது என்று வாக்கியம் சொல்லட்டும். வினையாக வேண்டுமானால் "மெலிவைக் கொண்டு ஸ்லாட்டைக் கொடுத்தார்கள்" என்று பிரித்து எழுதலாம். புதுவினை ஒன்று செய்யத் தேவையில்லை.

– கொழிஞ்சாம்பாறை

*

நன்றி. விடுபேற்றைத் திரும்பப் பெறுகிறேன். மூன்றாம் பக்கத்தில் இப்படி மாற்றிவிட்டேன்:

"எந்த லேப்டாப்பிலும் ஒரு கொள்கொடை இருக்கும். தடிமன் குறைந்திருந்தால் எதைக் கொடுத்துக் குறைத்தார்கள் என்று கேளுங்கள். ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா, பேட்டரியின் கொள்ளளவு எத்தனை வாட்-மணி, எத்தனை வாய்கள் என்று பாருங்கள். எடை பார்க்கும்போது சார்ஜரையும் தட்டில் வையுங்கள்."

அம்மன் கொடை ஞாபகம் வருபவர்களுக்காக, முதல் இடத்தில் மட்டும் 'கொள்வினை கொடுப்பினைபோல' என்று சேர்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் படித்துக் காட்டினேன். ஒருத்திக்கு உடனே புரிந்தது. இன்னொருவன் கொள்வினை என்றால் என்ன என்று கேட்டான், அதற்கு அவள்தான் தன் அத்தை வீட்டுக் கதையைச் சொல்லி விளக்கினாள்.

அடுத்த பக்கத்தில் டாங்கிள் வருகிறது. அதற்கு யாரும் சொல் அனுப்ப வேண்டாம். டாங்கிள் என்றே எழுதப்போகிறேன்.

– சித்தூர்