லண்டன் – பெல்பாஸ்ட் சரக்கு: டிரேடர் சப்போர்ட் சர்வீஸ் (வடக்கு அயர்லாந்துக்கு வரும் சரக்கின் சுங்கப் படிவங்களைப் போட உதவும் இலவச அரசு சேவை) அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பெல்பாஸ்ட் மளிகை:
2021 ஜனவரி. பிரெக்சிட்டால் பிரிட்டனிலிருந்து இங்கே வரும் சரக்குக்கும் சுங்கப் படிவம் கேட்கத் தொடங்கிய நேரம். லாரி ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்ரயன் துறைமுகத்தில் நிற்கிறது. பல கடைச் சரக்கு ஒரே வண்டியில். ஒருவர் கணக்கு இடித்தாலும் வண்டி கப்பல் ஏறாது. என் சரக்குக்குத்தான் சுங்க நம்பர் வரவில்லை. மொத்தக் கடைக்காரர் பில்லில் 'பலசரக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சர்வீஸுக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். "வேர்க்கடலை பச்சையா, வறுத்ததா?" பச்சை என்றால் 1202, வறுத்தால் 2008 என்று தொடங்கும் சுங்கப் பொருள் எண்ணாம். கல்லாவில் ஆள் காத்திருக்க, மூட்டை மூட்டையாகச் சொன்னேன். கடைசிப் பொருள் வரை அவர் லைனை விடவில்லை. ஒரு பென்னி வாங்கவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

டெரி வியாபாரி:
உங்களுக்கு நல்ல ஆள் வாய்த்தார், சரி. 2020-இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்த 355 மில்லியன் பவுண்டில் 200 மில்லியன் வரை இந்தச் சேவைக்குத்தான். எல்லாம் படிவம் நிரப்ப! அனுப்புகிறவரே கைவிரித்தால்? கடை திறந்த நாளிலிருந்து எனக்கு அரிசியும் புளியும் போட்டவர், "தம்பி, உன் ஒரு பாலெட்டுக்காக இந்தப் பேப்பரோடு மல்லுக்கட்ட முடியாது" என்று போனை வைத்துவிட்டார். ஒரே நாட்டுக்குள் இது நியாயமா? இப்போது இந்தப் படிவம் கேட்காத டப்ளினில் வாங்குகிறேன்.

நியூரி அண்ணன்:
போன வருடம் லேபிள் பார்க்க என் தயிர்ப் பெட்டிகளைத் தனியாக எடுத்து வைத்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் என் கதை. டெரி தம்பி, அவர் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? இறக்குமதியாளர் நீங்கள். பொருளின் எண், எடை, எந்த நாட்டுச் சரக்கு, இதை மட்டும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மற்றதை உங்கள் கணக்கிலிருந்தே சர்வீஸ் மூலம் போடலாம். எக்ஸ்ஐ என்று தொடங்கும் இஓஆர்ஐ எண் (சுங்கப் பதிவு எண்) இருக்கிறதா? யூகிம்ஸ் (பிரிட்டனின் உள்சந்தைத் திட்டம்) அனுமதியும் வாங்குங்கள். வடக்கு அயர்லாந்திலேயே விற்றுத் தீரும் சரக்கென்றால் ஐரோப்பிய வரி விழாது. 2025 மே 1 முதல் அந்தச் சரக்குக்குக் கேட்கும் விவரமும் குறைந்துவிட்டது. சில்லறைத் திட்டத்தில் (கடை உணவுச் சரக்குக்குச் சோதனையைக் குறைக்கும் ஏற்பாடு) பால் பொருள் கொண்டுவந்தால் 'நாட் ஃபார் இயூ' (ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல) லேபிள் பாருங்கள். 2024 அக்டோபரிலிருந்து எல்லாப் பால் பொருளுக்கும் உண்டு. லாரி வந்து இறங்கிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள், துணை அறிக்கையை (மீதி விவரம் தரும் சுங்க அறிக்கை) அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் போட வேண்டும். அந்தக் கடைக்காரரிடம் இன்னொரு முறை பேசிப் பாருங்கள்.