முட்டையும் தயிரும் பூசிய பிறகு முடி மேலும் விறைத்துப் போகிறது: எங்கே தவறு செய்கிறேன்?

கேள்வி (வேளச்சேரி, சென்னை)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 31 வயது. இடுப்பு வரை நீண்ட, சற்று அலையலையான முடி. கும்பகோணத்தில் இருந்தவரை வாரம் ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதைத் தவிர முடிக்கென்று நான் எதுவும் செய்ததில்லை. எட்டு மாதங்களுக்கு முன்பு சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிவந்த பிறகு முடி சொரசொரப்பாகி, சீப்பு இறங்காத அளவுக்குச் சிடுக்கு விழத் தொடங்கியது.

கடையில் விற்கும் கண்டிஷனரில் விருப்பம் இல்லாததால் சமையலறைப் பொருள்களையே பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தேன். ஒரு முழு முட்டை, அரைக் கிண்ணம் புளித்த தயிர், ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறு, இரண்டு மேசைக்கரண்டி விளக்கெண்ணெய் ஆகியவற்றை அடித்துக் கலந்து, ஞாயிறுதோறும் வேரிலிருந்து நுனி வரை பூசி, மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வெந்நீரும் ஷாம்பும் கொண்டு அலசுகிறேன். முதல் வாரம் முடி மிருதுவாக இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து தேங்காய் நார் போல விறைத்துக்கொண்டது. இப்போது ஆறு வாரங்கள் ஆகின்றன. முடியில் வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் தெரிகின்றன, வியர்த்தால் முட்டை வாடை திரும்ப வருகிறது, சீவும்போது பாதியிலேயே முடி அறுந்து வருகிறது. கழுத்தின் பின்புறம் பழுப்பு நிறத்தில் இரண்டு நீளக் கோடுகளும் விழுந்துள்ளன. அவை சங்கிலி உரசியதால் வந்தவையாக இருக்கலாம்.

அளவைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா, அல்லது கலவையே தவறா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி (திருச்சி)

சகோதரி, எவரும் மருந்து சொல்வதற்கு முன்பு மூன்று விவரங்களைச் சொல்லுங்கள். குளிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அலசும்போது வெந்நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது? அந்த வெள்ளைச் செதில்கள் உச்சந்தலையில் இருக்கின்றனவா, முடியின் நீளத்தில் ஒட்டியிருக்கின்றனவா? பொடுகு என்றால் செதில் தலைத்தோலிலிருந்து உதிரும், பெரும்பாலும் அரிப்பும் இருக்கும். முடியின் நடுவிலும் நுனியிலும் ஒட்டியிருப்பது வேறு ஏதோ ஒன்று.

கேட்டவர்

கேட்டதற்கு நன்றி, அக்கா. எங்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். வாளியின் உட்புறம் வெள்ளையாக உப்புப் படிகிறது, ஷாம்பு சரியாக நுரைப்பதில்லை. சென்ற மாதம் சோதனைத் தாளில் பார்த்தபோது கடினத்தன்மை லிட்டருக்கு 450 மில்லிகிராம் என்று காட்டியது. தலைக்கு வெந்நீரை விளாவித்தான் ஊற்றுகிறேன். ஆனால் முட்டை வாடை போக வேண்டும் என்பதற்காக, கீசரிலிருந்து வரும் நீரைக் கலக்காமல் அப்படியே நுனி முடியில் ஊற்றி அலசுவது வழக்கம். செதில்கள் உச்சந்தலையில் இல்லை. முடியின் நடுப்பகுதியிலும் நுனியிலும் மட்டுமே உள்ளன. நகத்தால் நசுக்கினால் குருணை போல உடைகின்றன. அரிப்பு கிடையாது.

மறுமொழி (கோயம்புத்தூர், கல்லூரி வேதியியல் ஆசிரியை)

நீங்கள் தந்த விவரங்களிலேயே விடை இருக்கிறது. முதலில் கழுத்துக் கோடுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முடியைவிட அவைதான் எனக்குக் கவலை தந்தன. நம் சந்தையில் கிடைக்கும் சிறிய உருண்டை எலுமிச்சையில் ஃபியூரோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. அதன் சாறு தோலில் பட்ட நிலையில் வெயிலின் புற ஊதாக் கதிர் விழுந்தால், அந்த இடம் தீப்பட்டதைப் போலச் சிவந்தோ, கொப்புளம் கண்டோ, சில நாள் கழித்துப் பழுப்பாகவோ மாறும். சாறு வழிந்த தடத்திலேயே கறை விழுவது இதன் அடையாளம். சங்கிலி உரசினால் தழும்பு கழுத்தைச் சுற்றி வளைந்திருக்கும், மேலிருந்து கீழாக இறங்காது. எலுமிச்சையை இன்றோடு நிறுத்துங்கள், அந்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறை மங்குவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். எரிச்சலோ கொப்புளமோ இருந்தால் தோல் மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

அடுத்தது செதில்கள். முட்டையின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். விளாவாத கீசர் நீர் அந்தச் சூட்டை எளிதில் எட்டும். தயிரும் சூடு பட்டால் திரிந்து குருணையாகும் என்பது மோர்க்குழம்பு வைக்கும் எவருக்கும் தெரியும். எனவே நீங்கள் நகத்தால் நசுக்கியவை, உங்கள் முடியிலேயே வெந்த முட்டையும் திரிந்த தயிரும்தான். உறையாமல் எஞ்சிய வெள்ளைக்கருவும் வெயிலில் காய்ந்து பசை போல முடிமேல் படிந்துவிட்டது. விறைப்புக்கும், வியர்த்தால் எழும் வாடைக்கும் அதுவே காரணம்.

முட்டையின் புரதம் முடிக்குள் சென்று பழுதை அடைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வெள்ளைக்கருவில் மிகுதியாக உள்ள ஓவால்புமின் என்ற புரத மூலக்கூறின் நிறை ஏறக்குறைய 45,000 டால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு நிறையை அளக்கும் அலகு). அவ்வளவு பெரியது முடித்தண்டுக்குள் நுழைய வழியில்லை. கடைப் பொருள்களில் சேர்க்கும் புரதத்தை முதலில் சிறு துண்டுகளாகச் சிதைத்த பிறகுதான் சேர்க்கிறார்கள். மேலும், தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற நார். அதற்கு ஊட்டம் தர இயலாது, மேற்பரப்பை வழுவழுப்பாக்கித் தேய்மானத்தைக் குறைக்க மட்டுமே முடியும். சமையலறைப் பொருளிடம் இந்த ஒன்றை மட்டும் எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

தண்ணீர்தான் உங்கள் பிரச்சினையின் தொடக்கம். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. உங்கள் 450 குடிப்பதற்கான வரம்புக்குள் இருந்தாலும், முடிக்குக் கடுமையானதுதான். தேய்ந்த முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் மிகுதி. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அங்கே போய்ப் பிடித்துக்கொள்கின்றன. கடைக் கண்டிஷனரில் நேர்மின்னேற்றமுள்ள மூலக்கூறுகள் இருப்பதால் அவை அதே இடங்களில் ஒட்டி, அலசிய பிறகும் மெல்லிய படலமாகத் தங்குகின்றன. முட்டைக்கும் தயிருக்கும் அந்தத் திறன் இல்லை. இதைக் கடைப் பொருளுக்கு விளம்பரமாகச் சொல்லவில்லை. வீட்டுப் பூச்சால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: குளிப்பதற்கு முந்தைய இரவு தேங்காய் எண்ணெயை முடியின் நீளத்தில் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிடுக்கெடுங்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியின் புரத இழப்பைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான சங்கிலியாக இருப்பதால் முடித்தண்டுக்குள் ஊடுருவுகிறது என்பதே விளக்கம். மறுநாள் வெதுவெதுப்பான நீரில் ஷாம்பு போட்டு அலசிய பிறகு, ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து முடியின் நீளத்தில் ஊற்றுங்கள். படிந்த சுண்ணாம்பை அது மெல்லக் கரைக்கும். கடைசி இரண்டு சொம்பு மட்டும் ஆர்.ஓ. நீராகவோ, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிடித்து வைத்த சுத்தமான மழைநீராகவோ இருக்கட்டும். நீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள்; அது கடினத்தன்மையின் ஒரு பகுதியை மட்டுமே நீக்கும்.

விளக்கெண்ணெய் மிகவும் பிசுக்கானது. நீண்ட முடியில் அதைத் தனியாகப் பூசிக் கசக்கினால் முடி கம்பளி போலத் திரண்டு, வெட்டி எடுக்க வேண்டிய நிலை வந்தவர்கள் இருக்கிறார்கள். விருப்பம் இருந்தால் தேங்காய் எண்ணெயில் சில துளிகள் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (திருநெல்வேலி)

மகளே, எனக்கு 67 வயதாகிறது. டீச்சரம்மா சொன்ன வழுவழுப்பு உனக்கு முட்டையில் கிடைக்காது, வெந்தயத்தில் கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவே ஊறவைத்து, காலையில் மிக்ஸியில் மைய அரைத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, மல்துணியில் கட்டிப் பிழிந்துகொள். துணியில் நிற்கும் சக்கையை எறிந்துவிடு, இறங்கும் கொழகொழப்பை மட்டும் பூசு. அரைத்த விழுதை அப்படியே பூசிவிட்டு, பொடி போகவில்லை என்று இரண்டு நாள் தலையைத் தட்டிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெந்தயம் குளிர்ச்சி, சளி பிடிக்கும் என்ற பயம் இருந்தால், செம்பருத்தி இலைகளைத் தண்ணீரில் போட்டுக் கையால் கசக்கி, வடிகட்டிப் பயன்படுத்தலாம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் சோறு வடித்த கஞ்சியில்தான் சீயக்காய்த் தூளைக் குழைப்போம். சீயக்காய் தனியாக முடியை வறட்டும், கஞ்சி அதைத் தணிக்கும். ஆனால் கஞ்சி நீர்த்திருக்க வேண்டும், நன்றாக அலசவும் வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி போட்ட நூல் சேலை போல முடி மொடமொடவென்று நிற்கும்.

மறுமொழி (மதுரை)

எல்லோரும் முட்டையைக் குறை சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நான் பத்தாண்டுகளாக மாதம் இருமுறை முட்டை பூசி வருகிறேன். என் முடி பட்டுப் போல இருக்கிறது, செதில் ஒருநாளும் வந்ததில்லை. மஞ்சள் கருவை மட்டும் எடுத்து, தேங்காய் எண்ணெயில் கலந்து இருபது நிமிடம் வைத்திருந்து, பச்சைத் தண்ணீரில் அலசுவேன். தோள் வரைதான் முடி.

மறுமொழி (கோயம்புத்தூர்)

உங்கள் அனுபவம் உண்மையானது, சகோதரி. நான் சொன்னதற்கு அது முரணானதும் அன்று. மஞ்சள் கருவில் கொழுப்பும் லெசித்தினும் உள்ளன. லெசித்தின் எண்ணெயையும் நீரையும் இணைப்பதால் பூச்சு சீராகப் பரவும், எளிதில் அலசியும் போகும். உறைந்து தொல்லை தரும் வெள்ளைக்கருவை நீங்கள் விலக்கிவிட்டீர்கள், காயவிடவில்லை, குளிர்ந்த நீரைப் பயன்படுத்தினீர்கள். முட்டை பூசித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு உங்கள் முறையே சரியானது. இடுப்பளவு முடியும் கடின நீரும் உள்ள ஒருவருக்கு வெந்தயமே எளிது என்பது என் கருத்து. அதிலுள்ள கேலக்டோமன்னன் என்ற பசை நீரை இழுத்து உப்பி முடிமேல் வழுக்கும் படலமாவதால், சிடுக்கெடுக்கும்போது இழுவை குறைகிறது. எந்தப் பூச்சானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. இயற்கையான பொருளுக்கும் ஒவ்வாமை வரும்.

கேட்டவர் (நான்கு வாரங்களுக்குப் பிறகு)

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தோல் மருத்துவரிடம் கழுத்தைக் காட்டினேன். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்ததால் வந்த கறைதான் என்று அவரும் உறுதி செய்தார். ஒரு கோடு நன்றாக மங்கிவிட்டது. செதில்கள் இரண்டாவது குளியலோடு நின்றுபோயின, வாடையும் இல்லை. முந்தைய இரவு தேங்காய் எண்ணெய், மறுநாள் ஷாம்பு, பிறகு வடிகட்டிய வெந்தயப் பசை பதினைந்து நிமிடம், கடைசியில் ஆர்.ஓ. நீர் என்று வாரம் ஒருமுறை செய்கிறேன். வினிகரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிறேன். சீப்பு இப்போது தடையின்றி இறங்குகிறது. கும்பகோணத்தில் இருந்த மிருதுத்தன்மை முழுமையாகத் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. நுனியில் பிளந்திருந்த இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டேன். மனம் வருந்தினாலும் அதன் பிறகு சிடுக்கு வெகுவாகக் குறைந்தது. வேலை மிகுந்த வாரங்களில் தயக்கமில்லாமல் கடைக் கண்டிஷனரையே பயன்படுத்திக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. வெந்தயப் பசையை ஒவ்வொரு வாரமும் அரைப்பது சிரமமாக உள்ளது. மொத்தமாகச் செய்து குளிர்பதனப் பெட்டியில் எத்தனை நாள் வைக்கலாம்?

மறுமொழி (திருநெல்வேலி)

இரண்டு நாளுக்கு மேல் வைக்காதே, மகளே. அதில் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் இல்லை. புளித்து நுரைத்தால் கீழே கொட்டிவிடு. பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு வரும். என் மருமகள் அப்படித்தான் செய்கிறாள். குளிப்பதற்கு முன்பு நாலைந்து கட்டிகளை எடுத்து வெளியே வைத்துவிட்டால், எண்ணெய் வைத்த சிடுக்கை நீ எடுத்து முடிப்பதற்குள் உருகிவிடும்.