முதல் சம்பளம் கைக்கு வரும்வரை: ஊர் விட்டு வந்தவர்களின் அனுபவங்கள்

நீடாமங்கலத்துப் பெண் (சோழிங்கநல்லூர்)

வேலை கிடைத்த கதையை எல்லாரும் சொல்கிறோம். ஆஃபர் லெட்டர் வந்ததற்கும் முதல் சம்பளம் அக்கவுண்ட்டில் விழுந்ததற்கும் நடுவில் எப்படிப் பிழைத்தோம் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் மாதச் சம்பளத்துக்குப் போனவர்கள் கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. இந்த வருஷம் கிளம்பப் போகிற தம்பி தங்கைகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். உங்களுடையதையும் சொல்லுங்கள்.

2022 ஆகஸ்டில் சென்னைக்கு வந்தேன். அந்த வருஷம் மேட்டூர் அணையை மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். குறுவை நெல் நன்றாக நின்றது, ஆனால் அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது. அப்பா கையில் காசு இல்லாத நேரம். அம்மாவின் செயினைக் கூட்டுறவு சொசைட்டியில் வைத்துப் பணம் வாங்கினார்கள். நானும் அப்பாவும் மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் வந்து மேடவாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம்.

ஹாஸ்டல் வாடகை சாப்பாட்டோடு 6,500. நாலு பேர் அறை. அட்வான்ஸ் இன்னொரு 6,500, அதில் 1,500 மெயின்டனன்ஸ் என்று பிடித்துக்கொள்வார்களாம். ஆக உள்ளே கால் வைக்கவே 13,000. அதற்கப்புறம் தலையணை, பக்கெட், மக், அலமாரிக்குப் பூட்டு. ஆம்பளைகள் வரவேற்பறையைத் தாண்டக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அப்பா அங்கேயே நின்றபடி, "ரசீது ஒண்ணு குடுத்துடுங்கம்மா" என்றார். ரசீது புத்தகமெல்லாம் இங்கே வழக்கமில்லை என்றார் ஹாஸ்டல் நடத்திய அம்மா. அப்பா நகரவில்லை. கடைசியில் அந்த அம்மா கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தொகை, தேதி, காலி செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் காலி செய்தபோது ஹாஸ்டல் வேறொருவர் கைக்கு மாறியிருந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் 5,000 ரூபாயைத் திரும்ப வாங்கினேன். என்னோடு காலி செய்த இரண்டு பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது 22ஆம் தேதி. எங்கள் கம்பெனியில் சம்பளக் கணக்கை 20ஆம் தேதியோடு முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் சேர்ந்தால் அந்தப் பத்து நாள் சம்பளமும் அடுத்த மாதக் கடைசியில்தான் சேர்ந்து வரும். இதை ஆஃபர் லெட்டரில் எங்கும் எழுதியிருக்கவில்லை. செப்டம்பர் முழுக்க ஓட்டியாக வேண்டும், கையில் 2,000 ரூபாய்கூட இல்லை.

என் பக்கத்துக் கட்டில் அக்கா ராஜபாளையம். அவர்தான் என்னை அந்த மாதம் தூக்கி நிறுத்தினார். ஹாஸ்டல் சமையற்கார அம்மாவிடம் சொல்லி, காலை டிபனோடு மதியத்துக்கும் டப்பாவில் கட்டிக்கொள்ள வழி செய்து கொடுத்தார். ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் ரோட்டில்) பஸ் நிறைய ஓடினாலும் எல்லாம் நமக்கு ஓசி கிடையாது, சாதாரணக் கட்டண பஸ்ஸில்தான் பெண்களுக்கு இலவசம். "சிவப்பு டீலக்ஸ் வரும், ஏறிடாதே. பத்து நிமிஷம் நில்லு, முகப்புல பிங்க் அடிச்ச வண்டி வரும்" என்று நிறுத்தத்தில் கூடவே நின்று காட்டினார். 2021 மேயில் வந்த திட்டம் அது. மாதச் செலவில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தது. கேட்காமலேயே 3,000 ரூபாயையும் அனுப்பிவிட்டு, "சம்பளம் வந்தா குடு, முடியலன்னா அதுக்கடுத்த மாசம் குடு" என்றார். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொன்று, இது எல்லாருக்கும் நடப்பது. என் ஆதாரில் இருந்தது அப்பாவின் செல் நம்பர். சம்பள அக்கவுண்ட் திறக்க ஓ.டி.பி, பி.எஃப் (சேமநிதி) நம்பருக்கு ஓ.டி.பி. எல்லாம் அப்பா போனுக்குப் போகும். அவர் வயலில் இருப்பார், போன் வீட்டில் இருக்கும். கிளம்புவதற்கு முன்னாலேயே ஆதார் மையத்துக்குப் போய் உங்கள் நம்பரை மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு மணி நேர வேலை. சேர்ந்த வாரத்தில் அதற்காக லீவு கேட்டு நிற்பது பெரிய அவஸ்தை.

அருப்புக்கோட்டை டிப்ளமோ (ஒரகடம்)

தங்கச்சி சொன்ன அட்வான்ஸ் விஷயத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன். ஹாஸ்டலில் ஒரு மாத அட்வான்ஸோடு போகும். வீடு எடுத்தால் சென்னைப் பக்கம் பத்து மாத வாடகை கேட்பது பழைய பழக்கம். 2017ல் தமிழ்நாட்டில் வந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. தனியாக வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. இது தெரிந்திருந்தால் தைரியமாகப் பேரம் பேசலாம். நாங்கள் பேசினோம், பத்து மாதத்தை ஐந்தாக்கினோம். படப்பை பக்கம் ஒரு ஹாலும் அடுப்படியும், ஆறு பேர்.

நான் 2020 ஜனவரியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். டிப்ளமோவுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை அப்போது 8,000, டிகிரி முடித்தவர்களுக்கு 9,000. சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள், ஸ்டைபண்ட் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்ததற்குக் காரணம் இரண்டே இரண்டு: கம்பெனி பஸ், கம்பெனி கேன்டீன். காலை ஏ ஷிஃப்ட் போனால் காலை டிபனும் மதியச் சாப்பாடும் உள்ளேயே முடிந்துவிடும். ராத்திரிக்குத்தான் சொந்தக் காசு. லீவு நாள் வந்தால் கையைக் கடிக்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமையில் ஆறு பேரும் சேர்ந்து சமைப்போம். விருதுநகர் பையன் ஒருத்தன் குழம்பு வைப்பான், மற்றவர்கள் வெங்காயம் உரிப்போம்.

ஆறு பேருக்கு நாலு பாய்தான். ஏ ஷிஃப்ட்காரன் எழுந்து போன பாயில் ராத்திரி சி ஷிஃப்ட் முடித்து வந்தவன் படுப்பான். கேட்க ஒரு மாதிரி இருக்கலாம், ஆனால் அந்த அறையில் யாரும் பட்டினி கிடந்ததில்லை. முதல் மாதம் வந்த பையனிடம் வாடகைப் பங்கு கேட்க மாட்டோம், மூன்றாவது மாதத்தில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வோம். எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். அந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது, நான் சேரும்போதே எங்கள் பையன்களிடம் இருந்தது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்துகொண்டு வாருங்கள். அப்ரண்டிஸ் என்பது ஒரு வருஷப் பயிற்சி. முடித்ததும் அங்கேயே நிரந்தர வேலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "வேலை கன்ஃபர்ம்" என்று யாராவது ஊரில் சொல்லி அனுப்பினால் நம்பிக் கடன் வாங்காதீர்கள். கையில் சர்ட்டிஃபிகேட்டோடு அடுத்த கம்பெனிக்கு அலைய வேண்டிவரும். நான் அலைந்தேன். இரண்டாவது இடத்தில்தான் கம்பெனியின் சொந்த ஊழியராக ரோலில் எடுத்தார்கள்.

திருநெல்வேலி, திருவல்லிக்கேணி மேன்ஷன்

உங்கள் இருவரையும் விட ரொம்ப மூத்தவன் நான். பி.காம் முடித்து 1994ல் ரயிலேறிச் சென்னைக்கு வந்தேன். பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை. அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் திருவல்லிக்கேணி மேன்ஷன் விடுதிதான் புகலிடம். ஒரு அறையில் மூன்று கட்டில், நடுவில் நடக்க ஒரு ஆள் அகலத்துக்கு இடம், காற்றுக்கு மாடிதான். சித்திரை, வைகாசியில் அறைக்குள் படுக்கவே முடியாது. பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் பிந்தி வந்தவனுக்கு அங்கேயும் இடம் இருக்காது.

மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடலாம், ஆனால் புது ஆளுக்கு யாராவது சிபாரிசு சொல்ல வேண்டும். எங்கள் மேன்ஷனில் இருந்த ஒரு தபால் ஆபீஸ் அண்ணாச்சி எனக்காகப் போய்ச் சொன்னார். "நம்ம ஊர்ப் பையன், ஓடிர மாட்டான்" என்றார். அவ்வளவுதான் உத்தரவாதம். என் பெயரில் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினார்கள்.

வீட்டோடு பேச வேண்டுமென்றால் வெளியூருக்குப் போன் போடும் எஸ்.டி.டி பூத். ராத்திரி 11 மணிக்கு மேல் கால்வாசிக் கட்டணம் என்பதால் அப்போதுதான் வரிசை நிற்கும். எங்கள் வீட்டில் போன் கிடையாது, தெருமுனைக் கடைக்குத்தான் பேச வேண்டும், கடையோ ஒன்பது மணிக்கு அடைத்துவிடுவார்கள். அதனால் கூடுதல் காசு கொடுத்துப் பேச வேண்டியிருந்தது, பேசுவதெல்லாம் ஒரு நிமிஷம்தான். அம்மாவை அழைத்து வரவே அரை நிமிஷம் போய்விடும். முதல் சம்பளத்தில் 300 ரூபாயை மணியார்டர் செய்தேன். ஃபாரத்தின் அடியில் நாலு வரி எழுத அப்போது இடம் இருக்கும், அங்கே என்ன எழுதுவது என்று தெரியாமல் தபால் ஆபீஸ் மேஜை முன்னால் வெகு நேரம் நின்றேன். "நல்லா சாப்பிடுறேன்" என்று மட்டும் எழுதினேன்.

இப்போது என்னிடம் வேலை பார்க்கும் பையன்களுக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பாதிச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்துவிடுகிறேன். கேட்க வைக்கக் கூடாது. பெரிய கம்பெனிகளும் இதைச் செய்யலாம் என்பது என் எண்ணம். முதல் மாதம் காசில்லாத பையன் வேலை கற்றுக்கொள்வதில்லை, கடனைத்தான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

தருமபுரி (பெங்களூரு, மடிவாளா)

எனக்குப் பெங்களூரு பக்கத்து ஊர் மாதிரிதான், பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் வீடு. இருந்தும் முதல் மாதம் கஷ்டம் கஷ்டமே. பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) மூன்று வேளைச் சாப்பாடும் உண்டு, ஆனால் காலி செய்ய ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அட்வான்ஸ் போச்சு. சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மடிவாளாவில் தமிழிலேயே ஒப்பேற்றிவிடலாம். அதனாலேயே பலரும் வருஷக்கணக்கில் கன்னடம் படிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அது சரியில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் ஊரில் சம்பாதிக்கிறோம், கடையில் காய் வாங்கவும் ஆட்டோவில் பேசவும் நாலு வார்த்தை கற்றுக்கொள்வது மரியாதை. "ஊட்ட ஆய்தா" (சாப்பாடு ஆச்சா) என்று நான் கேட்டதில் இருந்து எங்கள் பி.ஜி. காவல்காரத் தாத்தா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். ஜுரத்தில் படுத்திருந்தபோது கஞ்சி கொண்டு வந்து கொடுத்ததும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போகிறவர்கள் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைக் கணக்கில் வையுங்கள். முதல் இரண்டு மாதம் எல்லா வாரமும் ஓடாதீர்கள், பஸ் காசிலேயே பாதிச் சம்பளம் கரைந்துவிடும்.

பெரம்பலூர், இந்த வருஷம் முடித்தவன்

அக்கா, அண்ணா, எனக்குப் பெருங்குடியில் வேலை கிடைத்திருக்கிறது. வருஷத்துக்கு 2.4 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். 3ஆம் தேதி சேரச் சொல்கிறார்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எல்லாம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள், கொடுத்துவிடலாமா? கையில் எவ்வளவு எடுத்து வர வேண்டும்?

அருப்புக்கோட்டை டிப்ளமோ (ஒரகடம்)

தம்பி, ஒரிஜினலைக் காட்டு, அவர்கள் ஜெராக்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள். வைத்துக்கொள்கிறோம் என்றால் எழுத்தில் காரணம் கேள், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிடு. சர்ட்டிஃபிகேட்டைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். டெபாசிட், டிரெய்னிங் ஃபீஸ் என்று உன்னிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.

நீடாமங்கலத்துப் பெண் (சோழிங்கநல்லூர்)

2.4 லட்சம் என்றால் மாதம் 20,000 என்று வீட்டில் சொல்லி வைக்காதே. கம்பெனி கட்டும் பி.எஃப் பங்கும் பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்தான் இருக்கும், உன் பங்கு வேறு பிடிப்பார்கள். கைக்கு 17,000 பக்கம் வரும் என்று கணக்குப் போடு. 3ஆம் தேதி சேர்வது உனக்கு நல்லது, அநேகமாக அந்த மாதக் கடைசியிலேயே முதல் சம்பளம் வந்துவிடும். இருந்தாலும் எந்தத் தேதியோடு கணக்கை முடிப்பார்கள் என்று ஹெச்.ஆருக்கு இன்றைக்கே மெயில் போட்டுக் கேள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் போக 6,000 ரூபாய் தனியாக இருந்தால் போதும். மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு, ஏ.சி. வண்டி தவிர மற்றதில் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். ஆனால் வந்தவுடன் வாங்காதே. பெருங்குடியில் ஆபீஸுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தால் அந்த ஆயிரமும் மிச்சம். கந்தன்சாவடிப் பக்கமும் பார். அறை பார்க்க ஞாயிற்றுக்கிழமை பகலில் போ, அன்றைக்குத்தான் உள்ளே தங்கியிருப்பவர்கள் இருப்பார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று ஓனரிடம் கேட்காமல் அவர்களிடம் கேள். ரசீது வாங்காமல் பணத்தை நீட்டாதே.