மறுமொழி: ஆஸ்டினாட்டோவை ‘விடாப்பிடி’ எனலாமா?

> ‘மீள்சுரம்’ என்றே வைத்துவிடலாமே. திரும்பத் திரும்ப வருவதுதானே?

வணக்கம் ஐயா,

ஆஸ்டினாட்டோ (ostinato), அதாவது ஒரே சின்ன இசைத்துணுக்கு விடாமல் திரும்பத் திரும்ப ஒலிப்பது, அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். மீள்வதென்றால் முதலில் எங்காவது போக வேண்டும். பல்லவி மீள்கிறது, அனுபல்லவி, சரணம் என்று போய்விட்டுத் திரும்பி வருகிறது. ஆஸ்டினாட்டோ எங்கும் போவதில்லை. ஒரு சின்னத் துணுக்கு, நின்ற இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்கிறது. திகில் படத்துக்கு அது வேண்டியிருப்பதே அதனால்தான்: எப்போது விடும் என்று காது காத்துக் கிடக்கும்.

1975இல் வந்த ‘ஜாஸ்’ (Jaws) என்ற சுறாப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் கீழ் ஸ்தாயியில் எடுத்துக்கொண்டது இரண்டே சுரம், நடுவில் அரைச்சுர தூரம். நம் பாட்டு வகுப்பில் குழந்தை முதல் நாள் பாடுகிற ச, ரி இருக்கிறதே, மாயாமாளவகௌளை ராகத்தின் முதல் இரண்டு படி, அதே தூரம்தான்! முதலில் விட்டு விட்டு வருகிறது, அப்புறம் நெருங்குகிறது, வேகம் பிடிக்கிறது. சுறா கண்ணில் படவே இல்லை. ஆனால் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று நமக்குத் தெரிகிறது. சிறுவர்கள் இருவர் அட்டைத் துடுப்பை வைத்து ஊரை ஏமாற்றும் காட்சியில் அந்த இரண்டு சுரம் கிடையாது. அது பொய் சொல்லாது என்று நம்பிவிடுகிறோம். பிறகு ஒருமுறை, இசையே இல்லாமல் சுறா தண்ணீருக்கு மேலே தலை தூக்கும்போது தூக்கிவாரிப் போடுகிறது.

முன்பு வந்த ‘விடாச்சுரம்’ என்ற பரிந்துரை பொருளில் சரி. ஆனால் சுரம் என்றால் காய்ச்சலும்தான்; சித்த மருத்துவம் படித்தவர்கள் விடாத காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை ‘விடாப்பிடி’. இத்தாலியச் சொல்லின் பொருளே பிடிவாதம் என்பதுதான். அதோடு, ராகத்தின் அடையாளமான சின்னச் சுரத்தொடரைப் பாடகர்கள் ‘பிடி’ என்றுதானே சொல்கிறார்கள்? விடாத பிடி, விடாப்பிடி. புதிதாக எதையும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. அன்றாடச் சொல்லாயிற்றே, குழம்பாதா என்று கேட்கலாம். இத்தாலியர்களுக்கும் அது அன்றாடச் சொல்தான்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “1978இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தில் இயக்குநர் ஜான் கார்பென்டரே இசையமைத்த பியானோ விடாப்பிடி ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது.” எனக்கு உறுத்தவில்லை. ரீரெக்கார்டிங்கில், அதாவது படத்தின் பின்னணி இசைப் பதிவில், வாசிக்கும் நண்பர்கள் வாயில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.